சுருளை எரித்தவனும் கூலியை மறுத்தவனும்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 22:1–13, எரேமியா 22:13–17, எரேமியா 36



புத்தகத்தில் எழுதியிருப்பதை வாரந்தோறும் தியானிக்கிறோம். இந்த வாரம் புத்தகத்தை உண்டாக்குகிற கைகளைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இது ஆவிக்குரிய காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆவிக்குரிய காரியமே என்பதுதான் என் கருத்து. முடிவுவரை பொறுமையோடு வாசித்து, வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சென்னையில் தாரா புக்ஸ் என்ற சிறிய பதிப்பகம் ஒன்று இருக்கிறது. கீதா உல்ஃப் என்பவர் 1994-ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார். அவர்கள் வெளியிடும் நூல்களில் ஒரு பகுதி, தாள் முதல் தையல் வரை கையினாலேயே உருவாகிறது. பருத்திக் கழிவை வெட்டி, ஊறவைத்து, அடித்துக் கூழாக்கி, வலைச்சட்டத்தில் ஏந்தியெடுத்து, பிழிந்து உலர்த்தினால் ஒரு தாள் கிடைக்கும். அந்தத் தாளின்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் படங்களையும் எழுத்துகளையும் பதிக்கிறார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் மையை இட்டு, ரப்பர் பட்டை பொருத்திய கட்டையால் ஒரே சீராக இழுக்கவேண்டும். ஓர் இழுப்புக்கு ஒரு நிறம் மட்டுமே பதியும். நான்கு நிறங்கள் வேண்டுமானால் அதே தாள் நான்குமுறை கைக்கு வந்து, நான்குமுறை உலரவேண்டும். ஒருமுறை மயிரிழை அளவு விலகினாலும் அதுவரை செய்த வேலை வீண். பின்பு தாள்களை மடித்து, அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு தைத்து அட்டை கட்டுகிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்களாகிய பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய மூவரின் மரச் சித்திரங்களை இவ்விதமாகக் கறுப்புத் தாளில் பதித்து, ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற நூலை 2006-இல் வெளியிட்டார்கள். 2008-இல் இத்தாலியின் பொலோனியா நகரில் நடந்த சிறுவர் புத்தகக் கண்காட்சியில் அந்நூல் பரிசு பெற்றது. ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் உண்டு. வரைந்தவர்களின் பெயர்கள் நூலில் இருக்கின்றன. அச்சிட்டுத் தைக்கிற பட்டறை நியாயமான கூலியைத் தன் கொள்கையாகக் கொண்டது. கொல்கத்தாவில் பேராசிரியர் பி. லால் 1958-இல் தொடங்கிய ரைட்டர்ஸ் வொர்க்ஷாப் பதிப்பகமும் கையால் அச்சுக்கோத்து, கைத்தறிச் சேலைத் துணியால் அட்டை கட்டி நூல்களை வெளியிட்டுப் பெயர்பெற்றது. இவை கிறிஸ்தவ நிறுவனங்கள் அல்ல. ஆனாலும் திருச்சபை கற்றுக்கொள்ளவேண்டிய ஒரு பாடம் இவர்களிடம் உண்டு. ஒரு பொருளை மதிக்கிறவன் அதைச் செய்தவனையும் மதிக்கவேண்டும் என்பதே அந்தப் பாடம்.

பிரியமானவர்களே, இது நமக்குத் தூரமான காரியம் அல்ல. நம் எம்.ரெட்டியபட்டி வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை தவறாத ஆண்டுகளில் இந்த மண் பருத்தியைத் தருகிறது. பருத்தி நூலாகிறது, நூல் அருப்புக்கோட்டைத் தறிகளில் சேலையாகிறது, ஆலையில் மிஞ்சிய கழிவும் கிழிந்த துணியும்கூடக் கூழாகித் தாளாகின்றன. பருத்தித் தாள் மரக்கூழ்த் தாளைவிட நெடுங்காலம் நிற்கும். பருத்தியின் இழை வலிமையானது. செய்தித்தாளை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும் பொருள் அதில் இல்லை. ஆக, அந்த அழகிய நூல்களின் தாளுக்குப் பின்னால் எங்கோ ஒரு கரிசல்காட்டில் குனிந்து பருத்தி எடுத்த ஒரு தாயின் கையும் இருக்கிறது. அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

நம் கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்தின் வரலாறும் அப்படிப்பட்டதே. 1706-இல் தரங்கம்பாடி வந்துசேர்ந்த சீகன்பால்கு ஐயருக்கு 1712-இல் லண்டன் எஸ்.பி.சி.கே. சங்கத்தின் உதவியால் அச்சு இயந்திரம் கிடைத்தது. அதை இயக்குவதற்காக உடன் அனுப்பப்பட்ட அச்சர் வழியிலேயே மரித்துப்போனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் காகிதம் போதாது. ஆகவே தரங்கம்பாடிப் பகுதியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை அதற்காக உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்க அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. சீகன்பால்கு ஐயரை நன்றியோடு நினைவுகூருகிறோம், அது தகும். ஆனால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவர்கள், மை தடவியவர்கள், கூழ் அடித்தவர்கள், தைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களில் ஒன்றையாவது நம்மில் எத்தனை பேர் சொல்லக்கூடும்?

கர்த்தர் அப்படி மறக்கிறவர் அல்லர். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதாக வேதம் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது யாரை? பெசலெயேல் என்ற கைவினைஞரை (யாத்திராகமம் 31). பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்கிறவர் அவர். ரோமருக்கு எழுதின நிருபத்தில், பவுல் சொல்லச் சொல்லக் கையால் எழுதிய தெர்தியு, தன் பெயரால் சபைக்கு வாழ்த்துதல் சொல்லுகிறார் (ரோமர் 16:22). அப்போஸ்தலனின் நிருபத்தில் எழுத்தருக்கும் ஓரிடம் கிடைத்தது.

இப்பொழுது தியானப் பகுதிக்கு வருவோம். யோசியா ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கக் கட்டளையிட்டபோது, தச்சருக்கும் கட்டுகிறவர்களுக்கும் கொத்தருக்கும் பணத்தைக் கொடுக்கச் சொன்னார். அவர்கள் உண்மையாய் வேலைசெய்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவும் இல்லை. வேலைக்காரருக்குப் பணம் சேர்ப்பிக்கப்பட்ட அந்த நாட்களில்தான் காணாமற்போயிருந்த நியாயப்பிரமாண புஸ்தகம் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்டது. சாப்பான் அதை வாசிக்கக் கேட்ட ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டார்.

அவருடைய குமாரன் யோயாக்கீமைப் பாருங்கள். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு மையினால் எழுதிய சுருள் அவனுக்கு முன்பாக வாசிக்கப்பட்டது. அவன் குளிர்கால அரண்மனையில் கணப்பின் அருகே அமர்ந்திருந்தான். சில பத்திகள் வாசிக்கப்பட்டவுடன் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுவதும் எரிந்து தீர்ந்தது. தகப்பன் வசனத்தைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்தான். மகன் வஸ்திரத்தைக் கிழிக்கவில்லை, வசனத்தையே கிழித்தான்.

இதே யோயாக்கீமைக் குறித்து 22-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் என்ன சொல்லுகிறார்? அயலானைச் சும்மா வேலைவாங்கி, கூலி கொடாமல், அநீதியினால் விசாலமான மாளிகையைக் கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிறார். கேதுரு மரப் பலகை, சிவப்பு வர்ணம், அகலமான ஜன்னல்கள் எல்லாம் அங்கே உண்டு. வேலைசெய்தவனுக்குக் கூலி மட்டும் இல்லை. அவன் தகப்பனோ சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான்; தம்மை அறிகிற அறிவு அதுவே என்கிறார் கர்த்தர்.

இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். சுருளை எரித்தவனும் கூலியை மறுத்தவனும் ஒரே மனிதன். இது தற்செயல் என்று நான் கருதவில்லை. கொத்தனின் வியர்வையை மதியாத கண், பாருக்கின் கையெழுத்தையும் மதியாது. இறுதியில் அந்தக் கையெழுத்து சுமந்த வார்த்தையையும் மதியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “ஐயரே, கையால் செய்த புத்தகத்தின் விலை அதிகம். அதை வாங்குகிறவர்கள் வசதியுள்ளவர்கள். எங்களுக்கு வேண்டியது குறைந்த விலையில் வேதாகமம் அல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஏழை வீட்டிலும் வேதாகமம் இருக்கவேண்டும். நம் மாவட்டத்துச் சிவகாசியின் ஆப்செட் இயந்திரங்களுக்காகவும் நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். இயந்திரம் பாவமும் அல்ல, கைவேலை தானாகவே பரிசுத்தமும் அல்ல. ஆனால் விலை குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வேதாகமச் சங்கம் வேதாகமத்தைக் குறைந்த விலையில் தருவதற்குக் காரணம், விசுவாசிகள் மனமுவந்து கொடுத்த காணிக்கை. அந்தக் குறைவை யாரோ ஒருவர் அன்பினால் சுமக்கிறார். மற்றொரு வழி, செய்கிறவனின் கூலியில் பிடித்துக்கொள்வது. அதை அவன் பிள்ளைகளின் வயிறு சுமக்கிறது. முதலாவது மலிவு ஊழியம். இரண்டாவது மலிவைக் குறித்து யாக்கோபு 5:4 சொல்லுகிறது: பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடும், அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டும்.

ஆகவே சில காரியங்களை உங்கள் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆலய வேலைக்கு வருகிறவர்களிடம் பேசும் முறை. கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் வர்ணம் அடிக்கிறவரிடமும், “கோவில் வேலைதானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. அதை விட்டுவிடுவோம். அவர் தாமாகவே மனமுவந்து குறைத்தால் அது அவருடைய காணிக்கை. நாம் கேட்டுக் குறைத்தால் அது நம்முடைய காணிக்கை ஆகாது. அவருடைய சாப்பாட்டை எடுத்துக் கர்த்தருக்குப் படைத்ததாகும். பொழுதுபோகுமுன் கூலியைக் கொடுக்கவேண்டும் என்ற உபாகமம் 24:15-இன் கட்டளை ஆலயக் கமிட்டிக்கும் உரியது.

இரண்டாவது, பிள்ளைகளிடம் பேசும் முறை. “படிக்காவிட்டால் தறிக்குத்தான் போவாய், கரிமூட்டம்தான் போடுவாய்” என்று நாம் பயமுறுத்துகிறோம். பிள்ளைகள் படிக்கவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வார்த்தை, தறியில் அமர்ந்து தன்னைப் படிக்கவைக்கிற தகப்பனையே பிள்ளையின் கண்ணில் சிறுமைப்படுத்துகிறது. நாசரேத்தின் தச்சுப் பட்டறையில் வேலைசெய்த கைகளே சிலுவையில் ஆணியடிக்கப்பட்ட கைகள் என்பதை அந்தப் பிள்ளை அறியட்டும்.

மூன்றாவது, பெயர்கள். ஆலயத்தைத் திறக்கும்போது கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் பொறிக்கிறோம். கட்டிய கொத்தனார், கதவு செய்த ஆசாரி ஆகியோரின் பெயர்களுக்கு ஏன் இரண்டு வரி இடம் இல்லை? அறுப்பின் பண்டிகையில் தானியமும் காய்கறியும் படைக்கிற நாம், தறி வேலை, தையல் வேலை, ஆலை வேலை, தீப்பெட்டி வேலை செய்கிற சகோதர சகோதரிகளை முன்னே அழைத்துப் பெயர் சொல்லி ஜெபிக்கலாமே. அரசு வேலை கிடைத்தவருக்கு ஸ்தோத்திர ஆராதனை நடத்துகிற சபை, முப்பது ஆண்டுகள் உண்மையாய்த் தறி நெய்தவருக்கும் ஒருமுறை கைகொடுத்து நன்றி சொல்லட்டும்.

நான்காவது, உங்கள் வீட்டிலிருக்கும் கிழிந்த வேதாகமம். அதை மூட்டைகட்டிப் பரண்மேல் போடவேண்டாம். பைண்டிங் தெரிந்தவரிடம் கொடுத்து, அவர் சொல்லும் கூலியைக் கொடுத்துத் தைத்து வாங்குங்கள். நம் வாலிபர்கள் விடுமுறையில் அந்தத் தொழிலை அவரிடம் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. மடித்த தாள்களை ஊசியால் ஒருமுறை தைத்துப் பார்த்தவன், புத்தகத்தை அதன்பின் அலட்சியமாகத் தூக்கி எறியமாட்டான்.

யோயாக்கீம் எரித்த சுருளின் கதை நெருப்போடு முடியவில்லை. எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுக்க, அவர் எரேமியாவின் வாய்மொழியை முதலிலிருந்து மறுபடியும் எழுதினார். முன்பு இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்க்கப்பட்டன. கர்த்தருடைய வார்த்தை அழியாது. ஆனால் அது மறுபடி நம் கைக்கு வருவதற்கு ஒரு மனிதன் மீண்டும் அமர்ந்து, மீண்டும் மையைத் தொட்டு, விரல் நோக எழுதவேண்டியிருந்தது. அந்த விரல்களை மதிக்கிற சபையாய் நாம் இருப்போம்.

ஜெபம்: எங்கள் கைகளின் கிரியைகளைக் காண்கிற பரம பிதாவே, தறியிலும் காட்டிலும் ஆலையிலும் அச்சகத்திலும் உழைக்கிற எங்கள் ஜனங்களை ஆசீர்வதியும். கூலி மறுக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்யும். கூலி கொடுக்கும் இடத்தில் நாங்கள் நிற்கும்போது யோசியாவின் இருதயத்தை எங்களுக்குத் தாரும். உம்முடைய வார்த்தைக்கு முன்பாக நடுங்குகிறவர்களாகவும், அதை எங்கள் கைகளில் சேர்த்த மனிதரை மறவாதவர்களாகவும் எங்களைக் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே இந்த வாரம் முழுவதும் உங்களோடும் உங்கள் குடும்பத்தாரோடும் இருந்து, உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.