காலி செய்யச் சொல்லும் முன்...

ஆசிரியருக்கு,

மாற்றுத்திறனாளிக் குழந்தை இருந்தால் வாடகை வீடு கிடைப்பதில்லை என்ற தங்கள் கட்டுரை முற்றிலும் உண்மை. ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ஒன்பது வயது. கரண்ட் போனால் கத்துவான். ராத்திரியில் தரையைத் தட்டுவான். கீழ்வீட்டார் குறை சொல்லிச் சொல்லி, இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டோம். (பால் காய்ச்சியே அலுத்துவிட்டது!) அவர்களுக்கும் தூக்கம் வேண்டும், மறுக்கவில்லை. பாய்க்கு மேல் பழைய மெத்தையை விரித்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் வீட்டுக்காரர்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்தே சொல்கிறது. சமூகத்தோடு வாழும் உரிமையையும் தருகிறது. காலி செய்யச் சொல்லும் முன் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மாதம் ஒருநாள் நல்லம்பள்ளி தாலுகா அலுவலகத்தில் முகாம் நடத்த வேண்டும்.

– ஒரு தாய், நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.