வடக்கே உதித்த நிலா

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நான். இல்லாத ஊரில் இல்லாத மனிதர்களை உலவவிட்டு, நடக்காத கல்யாணத்துக்கு மேளம் வைத்து, பிறக்கவே பிறக்காதவள் செத்துப்போனாள் என்று வாசகர்களை அழ வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் பொய்யைப் பற்றிப் புகார் சொல்ல வருகிறானே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். பொய்யின் லட்சணம் தெரிந்தவன் என்கிற ஒரே தகுதியில்தான் பேசுகிறேன்.

ஒரு புகைப்படக் காட்சிக்குப் போயிருந்தேன். சுவரெல்லாம் படங்கள், ஆனால் கூட்டம் ஒரு படத்தின் முன்னால்தான். கொள்ளிடம் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதற்கப்பால் ஏலாக்குறிச்சி மாதா கோயில். கோயிலின் தலைக்கு மேலே தாம்பாளம் போல் முழுநிலா. நிலாவின் குறுக்கே வரிசை பிசகாமல் வாத்துக் கூட்டம். கீழே ஒரு சீட்டு: 'ஏலாக்குறிச்சி, ஏப்ரல்.' படம் பிடித்த இளைஞர் பக்கத்தில் நின்று பாராட்டுக்களை வாங்கிக்கொண்டிருந்தார். பெரிய சாகசக்காரர் என்று காதில் சொன்னார்கள்.

பார்த்தவுடன் எனக்கும் 'ஆகா' என்றுதான் வந்தது. அடுத்த நிமிஷம் உறுத்தியது. ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிற ஊர். ஆற்றை முன்னே வைத்துக் கோயிலைப் பிடித்தால் காமிரா வடக்கே பார்த்தாக வேண்டும். நம் சீமை நிலா கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது. சில நாள் கொஞ்சம் வடக்கே ஒதுங்கும், சில நாள் தெற்கே ஒதுங்கும். நேர் வடக்கில் கூரைமட்டத்தில் வந்து குந்தியதாக எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அப்புறம் அந்த ஏப்ரல்! மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் மிஞ்சியதைத் திறந்துவிட்டால்தான் கொள்ளிடத்தில் வெள்ளம். ஏப்ரலில் அங்கே இறங்கினால் மணல் காலைச் சுடும். வாத்துகளோ வரித்தலை வாத்துகள். பனிக்காலத்தில் கரைவெட்டி ஏரிக்கு வந்து, வெயில் ஏறுமுன் இமயத்தைத் தாண்டிப் போய்விடுகிற விருந்தாளிகள். ஒரு படம், மூன்று பொய்.

"தம்பி, இந்த நிலா எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன்.

அவர் வெட்கப்படவில்லை. "நிலா வேறு ஊரில் எடுத்தது, சார். தண்ணீர் போன ஆகஸ்டில் எடுத்தது. வாத்து கரைவெட்டியில். எல்லாம் நான் பிடித்ததுதான். ஒட்டினது மட்டும் கம்ப்யூட்டர். நீங்கள் கதையிலே செய்வதைத்தானே நான் படத்திலே செய்கிறேன்?"

கேள்வி சரியான கேள்விதான். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

படத்தைத் தொடவே கூடாது என்று சொல்கிற மடி ஆசாமி அல்ல நான். காமிரா பிறந்த நாளிலிருந்தே கைவேலையும் கூடப் பிறந்திருக்கிறது. கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் காப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சாவூரையும் ஸ்ரீரங்கத்தையும் மதுரையையும் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவுக்கு நீல நிறம் என்றால் அதீதக் கூச்சம். வானம் முழுதும் வெள்ளைச் சுண்ணாம்பாய் விழும். மனிதர் தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகம் தீட்டினார். அந்த மேகம் அன்றைக்கு அங்கே இருந்ததா என்று என்னைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துச் சாசனத்தை என்ன செய்தார் தெரியுமா? துண்டு துண்டாகப் பிடித்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அதுவும் ஒட்டுவேலைதான். கல்லில் இருக்கிற வரிசையிலேயே ஒட்டினார். கருவியால் ஒரே பார்வையில் பார்க்க முடியாததைப் பார்க்க வைத்தார். அந்த ஒட்டுக்குக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஏலாக்குறிச்சியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் எ-யையும் ஏ-யையும் வேறுபடுத்திக் காட்ட எழுத்தைத் திருத்தியவர் என்று சொல்வார்கள். அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே அவருடைய கைவேலை நிற்கிறது! ஓலையில் இருந்த சொல்லை அவர் மாற்றவில்லை. அதைத் தடுமாறாமல் படிக்க வழி செய்தார். இருட்டிக் கிடக்கிற முகத்தைக் கொஞ்சம் வெளுக்க வைப்பதும், கண்ணைக் கூசும் வெள்ளையை அடக்குவதும் இந்த ஜாதித் திருத்தம். நிலாவைக் கொண்டுபோய் வடக்கே நட்டு வைப்பது வேறு ஜாதி.

இதற்குக் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை, அட்டைக்கு அடங்கவில்லை என்று எகிப்துப் பிரமிடுகளையே நெருக்கி வைத்து அச்சடித்தது. போட்டோஷாப் 1990-ல் வந்தது. 2020-ல் அதில் வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு வசதி வந்துவிட்டது. டிரைப் தூரிகை பிடித்துக் குனிந்திருந்த வேலைக்கு இப்போது ஒரு விரல் போதும்.

விரலுக்கு வேலை குறைந்ததும் காலுக்கும் வேலை குறைந்துவிட்டது. எனக்கு இதில்தான் ஆத்திரம். கோபுரத்தின் மேல் தாம்பாள நிலா வேண்டும், அவ்வளவுதானே? பொய் இல்லாமலே கிடைக்கும். நிலா நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம். 100 அடிக் கோபுரம் ஒன்று அதே அளவுக்குச் சிறுத்துத் தெரிய வேண்டுமானால் சுமார் 11,500 அடி, அதாவது 2 மைலுக்கு மேல் பின்னால் போக வேண்டும். பௌர்ணமி மாலையில் கோபுரத்துக்கு மேற்கே அவ்வளவு தூரம் தள்ளி, வரப்பில் முக்காலியை ஊன்றி, நீள லென்ஸை மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சூரியன் விழுந்து கோபுரத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும் சில நிமிஷங்கள்தான் அவகாசம். மேகம் மறைத்தால் அடுத்த பௌர்ணமி. சாகசம் என்றால் இதுவல்லவா சாகசம்?

நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பிடித்தவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தானே கோத்துக் கட்டிய காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் படங்களில் வேறு யாருடைய வானமும் இல்லை.

இன்றைய சாகசம் எப்படி என்று கரைவெட்டியிலேயே பார்த்தேன். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரில் நிரம்புகிற ஏரி. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உட்கார்ந்திருக்கிற வாத்து படத்துக்கு எடுப்பாக இல்லையாம். ஒருவர் கூட வந்த பையனைக் கல்லெறியச் சொன்னார். கூட்டம் எழுந்தது, 'சடசட'வென்று காமிரா அடித்தது. இமயத்தைத் தாண்டி இளைப்பாற வந்த பறவைக்கு இதுவா உபசாரம்? கேட்டதற்கு, "ஒரு கல்தானே" என்றார். அன்று அந்தக் கரையில் காமிராக்கள் எத்தனை இருந்தன என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். என் பொய்யின் அட்டையிலே 'நாவல்' என்று அச்சடித்து விற்கிறேன். காசு கொடுக்கிறவர் தெரிந்தே ஏமாறுகிறார். உம்முடைய பொய்யின் கீழே ஊர்ப் பெயரும் மாதமும் இருக்கின்றன. கொள்ளிடத்தில் மணல் போகிறது, தண்ணீர் இல்லை என்று கரையோரத்துக் குடியானவர்கள் மனு எழுதிக் களைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒருவர் இந்தப் படத்தை மேஜைமேல் போட்டு, 'ஏப்ரலிலேயே கரை புரள்கிறதே, இன்னும் என்னய்யா?' என்றால், அந்த விவசாயி யாரிடம் போய் நிலாவின் திசையைச் சொல்லி வாதாடுவான்? அழகு என்ற பெயரால் ஒரு ஜில்லாவின் தாகத்தை மறைக்க உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இவ்வளவையும் அவரிடம் கொஞ்சம் மெதுவாகவே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட பிள்ளை அல்ல. கடைசியில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "படம் அப்படியே இருக்கட்டும், தம்பி. அந்தச் சீட்டை மட்டும் கிழித்துவிட்டு, 'கற்பனை' என்று எழுதி வையுங்களேன்."

அவர் திடுக்கிட்டார். "அப்படி எழுதினால் யார் சார் நின்று பார்ப்பார்கள்?"