பத்துப் பாட்டில் ஒரு கார்

காலை நிகழ்ச்சிக்கு வரும் குரல்பதிவுகளில் பாதி, பாட்டு கேட்டு வருபவை. மீதி, பிறந்தநாள் வாழ்த்து. சென்ற வாரம் பொங்கோலிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது இரண்டிலும் சேராது. “அலசாமலே கார் கழுவலாம்னு ஒரு திரவம் விற்கிறாங்களே, அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விட்டுட்டு, திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்குள்ளே முடியுமா?”

முடியும். சிறிய கார் என்றால் 40 முதல் 45 நிமிடம். வானொலிக் கணக்கில் சொன்னால், ஒரு திரைப்பாட்டு சராசரியாக நாலரை நிமிடம். பத்துப் பாட்டு முடிவதற்குள் வண்டி பளிச்சென்று நிற்கும். முதல் முறை செய்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஏழு பேர் அமரும் வண்டிக்குக் கை பழகிய பிறகும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த 40 நிமிடம் எதற்குப் போகிறது என்று தெரிந்தால்தான், அதில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பது புரியும்.

சாதாரண ஷாம்பு போட்டுக் கழுவும்போது, அழுக்கைக் கிளப்புவது நுரை. அடித்துக்கொண்டு போவது தண்ணீர். அலசத் தேவையில்லாத திரவத்தில் நுரை கிடையாது. அதிலுள்ள பாலிமர்கள் தூசித் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டு, அது வண்ணப்பூச்சின்மேல் உராயாமல் வழுக்கி வரச் செய்கின்றன. இந்த வகையில் பெயர்பெற்ற ஒரு திரவத்துக்கு 256 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு என்பது அளவு. அதாவது ஏழரை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. மற்றவற்றுக்குப் புட்டியில் உள்ள அளவைப் பாருங்கள். சமையலறையில் இருக்கும் பாத்திரம் கழுவும் திரவத்தை இதற்குப் பதிலாக ஊற்றிவிடாதீர்கள். அதை அலசாமல் விட்டால் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

இனி நேரக் கணக்கு. வாளியைத் தயார்செய்து ஆறு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப்போட 5 நிமிடம். கூரைக்கும் கண்ணாடிகளுக்கும் 8 நிமிடம். முன்மூடி, கதவுகள், பின்மூடிக்கு 15 நிமிடம். அடிப்பகுதிக்கும் பம்பருக்கும் 7 நிமிடம். சக்கரங்களுக்கு 8 நிமிடம். ஆக மொத்தம் 43. வாரம் தவறாமல் செய்தால், தூசி குறைவாக இருக்கும் வாரங்களில் அரை மணிக்குள்கூட முடித்துவிடலாம்.

துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரே திசையில் ஓர் இழுப்பு. பிறகு அடுத்த முகம். எட்டும் முடிந்த துணியைத் திரும்ப வாளியில் போடக் கூடாது, தனியே வைத்துவிட வேண்டும். ஆறு துணிக்கு 48 முகங்கள். ஒரு காருக்குத் தாராளம். ஒரு பகுதியைத் துடைத்ததும் அது தானாகக் காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். சக்கரத்துக்குப் பழைய துணி வேறு. இவ்வளவு மடிப்பும் மாற்றமும்தான் அந்த 40 நிமிடம். அவசரத்தில் ஒரே முகத்தால் வண்டி முழுவதும் தேய்த்தால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் கூரையில் எடுத்த மணலைக் கொண்டே கதவைத் தேய்த்திருப்போம். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ கட்டணம் 106,000 வெள்ளியைத் தொட்ட ஊர் இது. பத்தாண்டு உரிமைக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு வண்டியில் வட்ட வட்டமாகக் கீறல் விழவைப்பானேன்?

எல்லா அழுக்குக்கும் இந்த முறை ஒத்துவராது. கட்டுமானத் தளத்துக்குப் பக்கத்தில் நின்று சிமெண்டுத் தூசி படிந்த வண்டி, மழையில் பத்துமலைக்குப் போய்ச் சேறோடு திரும்பிய வண்டி, இவற்றை முதலில் தண்ணீர் பீய்ச்சித்தான் கழுவ வேண்டும். மைனா எச்சம், தூங்குமூஞ்சி மரத்தின் பிசின், ஆயுத பூசையன்று வைத்துக் காய்ந்த சந்தனம், இவற்றைத் தேய்க்கக் கூடாது. நனைத்த துணியை அவற்றின்மேல் சில நிமிடம் போட்டு வைத்தால் இளகி வரும்.

தண்ணீர் எவ்வளவு மிச்சம்? குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால், பத்து நிமிடம் ஓடவிட்டால் 100 லிட்டர். 2023ல் சிங்கப்பூர் வீடுகளில் ஒருவர் ஒரு நாளில் பயன்படுத்திய தண்ணீர் சராசரியாக 141 லிட்டர். அதை 2030க்குள் 130க்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. ஏழரை லிட்டர் வாளி அந்த இலக்குக்கு உதவும். ஆனால் பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுக்கான தண்ணீர், மாதம் 40 கன மீட்டர் வரை, கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. அந்தக் கணக்கில் 100 லிட்டருக்கு 32 காசுதான். திரவமும் துணியும் வாங்கிய செலவு, தண்ணீர்க் கட்டணத்தில் திரும்பி வர நெடுங்காலம் ஆகும்.

காசைவிடப் பெரிய காரணம் தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. புக்கிட் தீமா சாலையை ஒட்டி வரும் ரோச்சோர் கால்வாயைப் பலர் வெறும் வடிகால் என்று நினைக்கிறோம். அதன் தண்ணீர் காலாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டுக்குப் பின்னால் நிற்பது நாம் குடிக்கும் தண்ணீர். இங்கு கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாலையோரத்தில் காரைக் கழுவி ஓடவிடும் சோப்புத் தண்ணீர் அந்த வடிகாலில்தான் இறங்கும். ஆகவே வாளியில் மிஞ்சியதையும் வீட்டுக் குளியலறையில் ஊற்றுங்கள், வடிகாலில் வேண்டாம். கீழே கார் கழுவ ஒதுக்கிய இடம் இருந்தால் அங்கேயே செய்யுங்கள். நிறுத்துமிடத்து அறிவிப்புப் பலகையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இந்த ஊரில் குழாய் எப்போதும் ஓடிக்கொண்டிருந்ததில்லை. 1963 ஏப்ரலிலிருந்து பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு இருந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில், குடிநீரில் கார் கழுவுவதற்குத் தடை விதித்து, மீறிய 22 குடும்பங்களிடம் தலா 5,000 ரூபாய் அபராதம் வாங்கினார்கள்.

இதுவரை சொன்னதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. மிச்சமான அந்த 90 லிட்டர் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்? ஒரு மனிதரின் கை. நம் கையாக இருந்தால் பரவாயில்லை, பத்துப் பாட்டு கேட்டோம் என்று போகட்டும். ஆனால் நம்மில் பலர் இரவில் வாளியோடு வரும் ஓர் அண்ணனிடம் மாதக் கூலிக்கு விட்டிருக்கிறோம். அவர் ஓர் இரவில் பத்து வண்டி பார்க்கிறார் என்று வையுங்கள். வண்டிக்கு 40 நிமிடம் என்றால் 400 நிமிடம்; ஆறு மணி நேரம் 40 நிமிடம். குனிந்து நிமிர்ந்து, ஒவ்வொரு வண்டிக்கும் 48 முறை துணி திருப்பி. நாம் பேசியிருக்கும் கூலி அதற்கானதா? இல்லையென்றால், அவர் ஒரே துணியால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்துக்குத்தான் நாம் கொடுத்தோம்.

வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் தம் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். மாட்டிக்கொண்டால் போவது அவருடைய பிழைப்பு. எனவே முறையாக இந்தத் தொழில் செய்பவரை வையுங்கள். ஆறு துணியும் ஒரு புட்டித் திரவமும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அடுத்து கூலி பேசும்போது மாதத்துக்கு எவ்வளவு என்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேளுங்கள்: “ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆகுது, அண்ணே?” அவர் சொல்லும் நேரத்தை வைத்துக் கூலியைப் பேசுங்கள்.