காணியர்க்குக் காணி வேண்டும்!

பொதியமலை தமிழ் வளர்ந்த மலை, பொருநை பிறந்த மலை என்று மேடைதொறும் முழங்குவோர் பலர். ஆயின் அம்மலையில் இன்றும் வாழும் மக்கள் யாவர், அவர் உண்பதென்ன, பேசுவதென்ன என்று வினவின், விடை கூறுவார் மிகச் சிலரே.

பாவநாசத்திற்கு மேலே அகத்தியர் காணிக் குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, காரையாற்று நீர்த்தேக்கத்திற்கு அப்பாலுள்ள இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் வாழ்வோர் காணிக்காரர். காணி என்பது வழிவழி வரும் நிலவுரிமை. சோழர் கல்வெட்டுகளிற் பயின்றுவரும் தூய தமிழ்ச்சொல். நிலமுடைமையையே பெயராகக் கொண்ட குடி அது.

முன்னாளில் யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டினர். மூங்கிலும் ஈற்றையிலையும் வீடாயின. காட்டைத் திருத்தி இடம்மாற்றிப் பயிரிட்டவர், பின்னர் ஓரிடத்தில் நிலைத்து மரவள்ளியும் மிளகும் விளைக்கலாயினர். மலைத்தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் அவர்தம் பழந்தொழில்கள். ஊர்த்தலைவர் மூட்டுக்காணி, நோய் தீர்ப்பவர் பிலாத்தி. நோயுற்றார் பொருட்டு இரவெல்லாம் சாற்றுப்பாட்டு ஒலிக்கும். பல்வெட்டிய இரும்புக்குழலாகிய கொக்கரையைக் கம்பியால் உரசி இசை கூட்டுவர். ஒரே இல்லத்தார் தம்முள் மணவார். ஏறுமாடம், இல்லம், சாற்று என்னும் இச்சொற்களைக் கேட்டும், மலையாளச் சாயல் கலந்ததென்பதற்காக அவர் பேச்சை மலைக்கொச்சை என நகைப்பாருளர். நகைப்பவர் அறியாமையன்றி அது வேறென்ன?

அவர்தம் அறிவோ பெரிது. 1987-இல் அகத்தியமலையின் சேரநாட்டுச் சாரலில் ஆய்வாளர்க்கு வழிகாட்டிய காணியர், சிறு கனியொன்றைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அதனைக் கண்டு வினவியறிந்த பாலோட்டு நிலைத்திணைத் தோட்ட ஆய்வாளர், அச்செடியினின்று மருந்து ஆக்கினர். உரிமத்தொகையிற் பாதி காணியர்க்கென ஒதுக்கப்பெற்றது. 1997-இல் அவர்க்கோர் அறக்கட்டளையும் அமைந்தது. ஏட்டில் எழுதாத அறிவும் அறிவே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இத்தகைய அறிவும் மொழியும் நிலத்தில் வேரூன்றியவை. நிலம் பறிபோயின் நேர்வதென்ன என்பதை வட அமெரிக்கச் செயேன் மக்களின் வரலாறு காட்டும். காட்டெருமையை வேட்டையாடி, அதன் தோலாற் கூடாரம் அமைத்து வாழ்ந்த இனம் அது. 1877-இல் அவருள் வடபாலாரைத் தெற்கே பெயர்த்தது அந்நாட்டரசு. நோயும் பசியும் தாங்காது, 1878-இல் ஏறத்தாழ முந்நூற்றுவர் தாய்நிலம் நோக்கிப் புறப்பட்டனர். வழியிற் பலர் மாண்டனர். 1884-இல் மொந்தானாவில் அவர்க்கென நிலம் ஒதுக்கப்பெற்றது. ஆயினும் அரசுப் பள்ளிகள் பிள்ளைகளின் தாய்மொழியைத் தடுத்தன. இன்று அம்மொழியை மீட்க அவர்தம் கல்லூரியே பாடம் நடத்துகின்றது. இழந்தபின் மீட்பது எத்துணை அரிது!

பொதியமலையில் அந்நிலை நேரலாகாது. 13.12.2005-க்கு முன்பிருந்தே காட்டில் வாழும் பழங்குடியினர்க்கு அவர் உழும் நிலத்தில் உரிமையுண்டென்கின்றது 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம். அது தாளளவில் நில்லாது ஒவ்வொரு குடிக்கும் முழுமையாய்ச் சென்று சேர்தல் வேண்டும். நெல்லைத் தமிழாசிரியரும் மாணவரும் மலையேறி, முதியோர் வாய்ச்சொற்களை அவர் இசைவுடன் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பின் பயனும் அவர்க்கே முதற்கண் உரித்தாதல் வேண்டும்.

காணி என்னும் சொல்லைப் பெயரிலேயே காத்தவர்க்குக் காணி இல்லையெனின், சொற்காப்பென்று தமிழர் பேசுவதிற் பொருளென்ன?