திரைகளின் வரிசையும் ஓர் இலக்கணமே

மொழியியல் துறைகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. அழிநிலையிலுள்ள மொழியொன்றை ஆவணப்படுத்தும் திட்டம் முடியும் தறுவாயில், சொற்பட்டியலையும் ஒலிக்கோப்புகளையும் ஒரு மென்பொருளாளரிடம் ஒப்படைத்து, ‘இதை ஆண்ட்ராய்டு செயலியாக்கித் தாருங்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். எந்தத் திரை முதலில் தோன்ற வேண்டும், அதிலிருந்து எங்கெங்கே செல்லலாம், பேக் பொத்தானை அழுத்தினால் எங்கே திரும்ப வேண்டும் என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. ஓர் ஒலியன் தனியொலியனா மாற்றொலியா என்று மாதக்கணக்கில் வாதிடும் நாம், அந்தச் சொல்லைப் பயனர் எந்த வழியாக அடைவார் என்று ஒரு நாள்கூடப் பேசுவதில்லை. ‘அது தொழில்நுட்பம்’ என்கிறோம். அது தொழில்நுட்பம் மட்டுமன்று, மொழியைப் பற்றிய தீர்ப்பும் ஆகும் என்பதே என் வாதம். அந்தத் தீர்ப்பை மொழி அறியாதவர் கையில் விட்டுவிட்டு, விளைவுக்கு மட்டும் நம் பெயரைப் போட்டுக்கொள்கிறோம்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். ஆண்ட்ராய்டில் ஒரு திரையைத் தாங்கும் அடிப்படை அலகு ஆக்டிவிட்டி. 2011இல் அதனுள்ளே அமையும் சிறு அலகாக ஃப்ராக்மென்ட் வந்தது. 2018இல் கூகுள் அறிமுகப்படுத்திய நேவிகேஷன் என்னும் தொகுப்பு, செயலியின் திரைகள் அனைத்தையும் அவற்றுக்கிடையிலான வழிகளையும் ஒரே வரைபடமாக எழுதும் முறையைத் தந்தது. பயனர் திறக்கும் ஒவ்வொரு திரையும் முந்தையதன் மேல் அடுக்கப்படுகிறது. பேக் பொத்தானை அழுத்தினால் மேலுள்ளது அகன்று கீழுள்ளது தெரியும். செயலிக்கு நிலையான தொடக்கத் திரை ஒன்று இருக்க வேண்டும். வெளியேறும்போது கடைசியாகத் தெரிவதும் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது கூகுளின் வழிகாட்டு நெறி. நெறியில் குறையில்லை. ஆனால் அந்தத் தொடக்கத் திரையில் எதை வைப்பது என்று கூகுள் சொல்லாது. அதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். நாம் வாய்மூடி இருப்பதால், அது வழக்கமாக அகரவரிசைப் பட்டியலாகிவிடுகிறது.

அந்தமானில் இந்த அகரவரிசை என்ன செய்யும் என்று பார்ப்போம். பெரிய அந்தமானிய மொழிகளில் உடலுறுப்புப் பெயர் தனித்து நிற்பதில்லை. அது உடலின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் வகுப்புக் குறி அதன் முன்னே ஒட்டி வரும். பேராசிரியர் அன்விதா அப்பி 2013இல் வெளியிட்ட இலக்கணம் இத்தகைய வகுப்புகள் ஏழு என்று காட்டுகிறது. வாயும் அதைச் சார்ந்தவையும் ஒரு வகுப்பு. உள்ளுறுப்புகள் ஒரு வகுப்பு. விரல், நகம் போன்ற உடலின் முனைகள் ஒரு வகுப்பு. இக்குறிகள் உறுப்புப் பெயர்களோடு நின்றுவிடுவதில்லை. வினையிலும் பெயரடையிலும் வினையடையிலும் புகுந்து மொழி முழுவதையும் நெய்கின்றன. முதல், சினை என்று பிரித்துக் கற்ற தமிழ் மாணவர்க்கு இதன் ஆழம் விளங்காமல் போகாது: அங்கே சினை பற்றிய அறிவே சொல்லாக்கத்தின் அச்சாணி.

இன்று பேசுவார் எவருமில்லாத தென்னந்தமானின் அகா-பேயா மொழியிலிருந்து நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று. ‘பேரிங’ என்றால் நல்லது. கையைக் குறிக்கும் ‘உன்’ முன்னே சேர்ந்தால் கைத்திறன் மிக்க, கெட்டிக்கார என்று பொருள். கண்ணைக் குறிக்கும் ‘இக்’ சேர்ந்தால் கூர்ந்த பார்வையுடைய. நாக்கைக் குறிக்கும் ‘அகா’ சேர்ந்தால் மொழிகளில் வல்ல. தலையையும் நெஞ்சையும் குறிக்கும் ‘ஒத்’ சேர்ந்தால் நற்பண்புடைய. ஒரே வேர், நான்கு சொற்கள். அகரவரிசையில் இவை நான்கு மூலைகளில் சிதறிக் கிடக்கும். ஒன்றைக் கண்டவர்க்கு மற்ற மூன்றும் அதன் உடன்பிறப்புகள் என்று தெரிய வழியே இராது. இன்னொரு வேடிக்கை: அகா-பேயா, அகா-போ, அகா-ஜெரு, அகா-கெதே என்று அம்மொழிகளின் பெயர்களில் பெரும்பாலானவை அதே நாக்கு வகுப்புக் குறியோடுதான் தொடங்குகின்றன. அகரவரிசை அவற்றையெல்லாம் ‘அ’ என்னும் ஒரே பெட்டியில் கொட்டிவிடும்.

ஆகவே இம்மொழியின் அகராதிச் செயலியில் முதல் திரை என்பது பயன்பாட்டு வசதி பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. வேரிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து வேருக்கும், ஒரு சொல்லிலிருந்து அதன் உடன்பிறப்புகளுக்கும் நேராகச் செல்லும் வழிகள் வேண்டும். வரைபடம் கிளை பிரிந்து கீழிறங்கும் மரமாக இல்லாமல், குறுக்கிழைகள் உள்ள வலையாக இருக்க வேண்டும். வலை என்றதும் பேக் பொத்தானின் சிக்கல் எழும்: ஐந்து உறவுச்சொற்களைச் சுற்றிவந்தவர் வெளியேற ஐந்து முறையும் பொத்தானை அழுத்த வேண்டுமா? அடுக்கிலிருந்து குறிப்பிட்ட திரை வரை நீக்கிவிடும் வசதி ஆண்ட்ராய்டில் உண்டு. எதை நீக்குவது, எதை வைத்திருப்பது என்பதைச் சொல்ல வேண்டியவர் அந்தச் சொற்களின் உறவை அறிந்தவர்தான்.

‘தேடல் பெட்டி வைத்துவிட்டால் போதுமே’ என்பார்கள். தேடல் பெட்டி, எழுத்துக்கூட்டல் தெரிந்தவருக்கானது. பெரிய அந்தமானிய மொழிக்கு நெடிய எழுத்து மரபு இல்லை. அச்சமூகத்தின் இளையோர் இன்று புழங்குவது இந்தியில். பாட்டி சொன்ன ஒரு சொல்லின் நடுவிலுள்ள ஓரொலியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் இளைஞர், அச்சொல் எந்தக் குறியோடு தொடங்குகிறது என்று எப்படித் தட்டச்சு செய்வார்? தொடக்கம் தெரிந்திருந்தால் அவருக்கு அகராதியே பாதி தேவைப்படாது.

இதைத் தமிழ்ச் சூழலில் விளக்க வேண்டியிருப்பதே எனக்கு வியப்பு. நமது நிகண்டுகள் அகரவரிசையில் அமையவில்லை. திவாகரம் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வழித் தொகுதிகளாகப் பிரிந்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வாயில்கள் வைத்தார். ஒரே சொற்களஞ்சியத்துக்குள் நான்கு தேவைகளோடு வருபவர்க்கு நான்கு வழிகள். அந்த மரபில் வந்த நாம், 21ஆம் நூற்றாண்டில் ஒரே ஒரு வாயில் வைத்து, அதையும் அகரவரிசைப்படுத்தி, ‘டிஜிட்டல் அகராதி’ என்று பெருமைப்படுகிறோம்.

அடுத்தது மொழித்தேர்வு. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதற்குள் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம் என்று பேசும் பெருந்தொகுதிகள். கடையிலும் பள்ளியிலும் கப்பல்துறையிலும் ஒருவரே ஒரு நாளில் மூன்று மொழிகளில் புழங்குவது இங்கே இயல்பு. ஆனால் செயலிகள் மொழித்தேர்வை எங்கே வைக்கின்றன? முதன்முதலில் திறக்கும்போது ஒருமுறை. பிறகு அமைப்புகளுக்குள் ஆழத்தில். ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை மொழி மாற்றம் என்பது, கருவியைச் சாய்த்துப் பிடிப்பதைப் போலவே, ஆக்டிவிட்டியை அழித்து மீண்டும் உருவாக்கும் நிகழ்வு. நிலையைச் சேமித்து வைக்காத செயலியில் பாதி நிரப்பிய படிவம் மறைந்துவிடும். அதைச் சமாளிக்கத் தெரியாதவர்கள் பயனரை முகப்புத் திரைக்கே தள்ளிவிடுகிறார்கள். ‘மொழியை மாற்றுகிறாயா, முதலிலிருந்து தொடங்கு’ என்பதே அத்திரை சொல்லும் செய்தி. மொழிக்கலப்பைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதும் நாம், ஒருமொழியாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு கட்டிய செயலிக்கு ஒப்புதல் கையெழுத்து இடுகிறோம்.

மூன்றாவது, களத்தரவு. நினைவகம் குறைந்த கைபேசியில், பின்னணிக்குச் சென்ற செயலியின் இயக்கத்தை ஆண்ட்ராய்டு முடித்துவிடலாம். பயனர் திரும்பி வரும்போது திரையடுக்கு மீண்டும் எழுப்பப்படும். ஆனால் சேமிக்கப்பட்டவை மட்டுமே அதில் மீளும். ஒரு செடியின் பெயரைப் பதிந்துகொண்டிருப்பவர் படமெடுக்கக் கேமராவைத் திறக்கிறார். அந்த இடைவெளியில் செயலி முடிக்கப்பட்டால், திரும்பும்போது அதே திரை இருக்கும். நிலையைச் சேமிக்காத செயலியில் படிவம் வெறுமையாக இருக்கலாம். நகரத்து அலுவலகத்தில், விலையுயர்ந்த கைபேசியில் சோதிப்பவர் இதைக் காணவே மாட்டார். ‘வலையமைப்பில் சேமித்துக்கொள்ளலாம்’ என்பதும் இங்கே எளிதான விடையன்று. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு அதில் இணைந்தவை ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட சில இடங்களே. பெரிய அந்தமானியர் குடியமர்த்தப்பட்ட ஸ்ட்ரெய்ட் தீவு அப்பட்டியலில் இல்லை. ஒவ்வொரு திரைமாற்றத்துக்கும் இணையத்தை எதிர்நோக்கும் செயலி, யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களைத் தவிர்த்து மற்ற எல்லாருக்கும் வேலை செய்யும்.

போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரி 26 அன்று காலமானார். அதன்பின் அம்மொழியில் புதிய பதிவு என்று ஒன்று இருக்க முடியாது. இத்தகைய மொழிகளில் இழந்த படிவத்தை ‘மறுமுறை நிரப்பிக்கொள்ளலாம்’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கடைசியாக, இவை எல்லாவற்றிலும் கடுமையானது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், இத்தீவுகளின் பழங்குடிக் காப்பகங்களில் அனுமதிச் சீட்டின்றி வெளியார் கால்வைக்க முடியாது. அம்மக்களின் குரல்களுக்குள் நுழைய மட்டும் ஓர் இணைப்பு போதும். டீப் லிங்க் என்னும் வசதி, முகப்பைக் கடக்காமலே செயலியின் உள்திரையொன்றை நேராகத் திறக்கும். சமூகத்தின் நிபந்தனைகளையும் எச்சரிக்கையையும் முகப்புத் திரையில் மட்டும் வைத்திருந்தால், இணைப்பு வழியே வருபவர் அவற்றைக் காணாமலே இறந்தவரின் குரலைக் கேட்டுவிடுவார். இறந்தவரின் பெயரைத் துக்க காலத்தில் சொல்லாமல் தவிர்க்கும் அந்தமானிய வழக்கத்தை ராட்கிளிஃப்-பிரௌன் 1922இல் வெளியான தம் நூலிலேயே பதிந்திருக்கிறார். இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு கடினமானதே அன்று: நிபந்தனையை வழியில் வைக்காமல் சேருமிடத்தில் வைக்க வேண்டும். எந்தப் பாதையில் வந்தாலும் அந்தத் திரையே ‘ஒப்புதல் உண்டா’ என்று கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். ஆனால் எந்தப் பதிவுக்கு அப்படிக் கதவு வேண்டும் என்பது மென்பொருளாளருக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தானே தெரியும்.

‘ஐம்பது சொச்சம் மக்கள் வாழும் ஒரு சமூகத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா’ என்ற முணுமுணுப்பும் கேட்கும். கோடிப் பேர் பயன்படுத்தும் செயலியில் ஒரு பிழை இருந்தால் கோடிப் பேர் முறையிடுவார்கள். அடுத்த வாரம் திருத்தம் வரும். ஐம்பது பேருக்கான செயலியில் முறையிட யாருமில்லை. திட்டக்காலம் முடிந்தபின் திருத்தவும் யாருமில்லை. எனவே முதல் முறையே சரியாகச் செய்யும் கடமை இங்கேதான் மிகுதி.

மென்பொருளாளர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் தமக்குத் தெரிந்த விடையைத் தந்தார்கள். கேள்வியை எழுப்பியிருக்க வேண்டியவர்கள் நாம். ஆகவே துறைகளுக்கும் ஆய்வுக்குழுக்களுக்கும் என் கோரிக்கைகள் இவை. மொழி ஆவணச் செயலி எதுவும் ஆய்வின் விளைபொருளாகக் காட்டப்படுமானால், அதன் திரை வரைபடம் ஒலியன் அட்டவணையைப் போலவே ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் மொழியியல் காரணம் எழுதப்பட வேண்டும். விட்டகன்ற ஆக்டிவிட்டிகளை உடனுக்குடன் அழித்துவிடும் சோதனை அமைப்பு ஆண்ட்ராய்டின் டெவலப்பர் பகுதியில் இருக்கிறது. அதை இயக்கிவைத்து, விலைகுறைந்த கைபேசியில், இணையத்தைத் துண்டித்துச் சோதித்த குறிப்பும் இணைக்கப்பட வேண்டும். பேச்சுச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரேனும் அந்த வரைபடத்தைத் தாளில் பார்த்து, ‘இங்கிருந்து அங்கே போக முடியாதா’ என்று கேட்கும் வாய்ப்பு, குறியீடு எழுதத் தொடங்குமுன் தரப்பட வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இனிமேல் ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘உங்கள் செயலியில் இந்தச் சொல்லிலிருந்து பேக் பொத்தானை அழுத்தினால் எங்கே போகும், ஏன்?’ இதற்கு விடை சொல்லத் தெரியாதவர், அந்த மொழியின் சொல்லமைப்பைத் தாம் விளங்கிக்கொண்டதாகவும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.