ஸ்பானிஷ்ல முதல்ல 'வாங்க', அப்புறம்தான் 'வா'

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல ஸ்பானிஷ் கத்துக்கறவங்க நிறைய. மெக்சிகோவுல ஒரு டீம் இருக்கும், இல்லை ஸ்பெயின்ல ஒரு க்ளையன்ட் இருக்கும். 'ஓலா', 'கிராஸியாஸ்' எல்லாம் அழகா தாண்டி வந்துட்டு, கரெக்டா ஒரு இடத்துல படுத்துடுவாங்க. அதுதான் ஏவல். வா, போ, சொல்லு, உட்காருன்னு அடுத்தவங்களைச் செய்யச் சொல்ற விஷயம்.

இதுக்குக் காரணம் ஸ்பானிஷ் இல்லை, அதைச் சொல்லிக்கொடுக்கற வரிசைங்கறது என் கட்சி. நம்ம கைக்கு வர்ற புத்தகம் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியா வருது. அந்த மொழியில பாட்டிக்கும் 'கம்', பேரனுக்கும் 'கம்'. அதனால 'தூ' (துப்பலைங்க, 'நீ'ன்னு அர்த்தம் :-)) முதல்ல வரும். 'உஸ்தெத்', அதாவது 'நீங்க', ஏதோ இலவச இணைப்பு மாதிரி கடைசியில வரும்.

வெளியூர்க்காரர் ஒருத்தருக்கு நாம தமிழ் சொல்லிக்கொடுத்தா 'வா, போ, உக்காரு'ன்னு ஆரம்பிச்சு, அவரை யாரோட மாமனார் வீட்டுக்காவது அனுப்புவோமா? 'வாங்க, போங்க' கொடுத்துத்தானே அனுப்புவோம். ஸ்பானிஷுக்கும் அதேதான் சரி. வளர்ந்தவங்க உஸ்தெத்தைத்தான் முதல்ல படிக்கணும்.

மரியாதைக்காக மட்டும் சொல்லலை. ஆணி புடுங்கறவன் கணக்குலயும் இதுதான் லாபம்.

'நான்' வடிவத்தை எடுத்துக்கோங்க. பேசறேன்னா 'ஆப்லோ'. கடைசி 'ஓ'வைக் கழட்டுங்க. மூலச் சொல் 'ஆர்'ல முடிஞ்சா 'ஏ' மாட்டுங்க, மத்ததுக்கு 'ஆ' மாட்டுங்க. 'ஆப்லே'ன்னா பேசுங்க. சாப்பிடறேன் 'கோமோ', சாப்பிடுங்க 'கோமா' (ஆஸ்பத்திரி கோமா இல்லை). முன்னாடி 'நோ' போட்டா 'நோ ஆப்லே', பேசாதீங்க. எதிர்ல பல பேர் இருந்தா ஒரு 'ன்' சேர்த்து 'ஆப்லென்'. கடைசியா ஒரு 'ஸ்' சேர்த்து 'நோ ஆப்லெஸ்'னா, பேசாதே!

கவனிச்சீங்களா? தூவுல 'பேசு' சொல்ல 'ஆப்லா'. ஆனா 'பேசாதே' சொல்லணும்னா 'பேசுங்க' தெரிஞ்சிருக்கணும். அடித்தளமே உஸ்தெத்துலதான் இருக்கு. நாம மாடியிலேர்ந்து வீடு கட்டிட்டு இருக்கோம்.

அடுத்து விதிவிலக்கு. தூவுல 8 சொல் ஏடாகூடமா வரும்: தீ (சொல்லு), ஆஸ் (செய்), பே (போ), போன் (வை), ஸால் (வெளியே போ), ஸே (இரு), தென் (இந்தா), பென் (வா). இதே 8-ல 6 சொல் உஸ்தெத்துல சமர்த்தா மேலே சொன்ன விதிப்படி நடக்கும். 'வர்றேன்' பெங்கோ, 'வாங்க' பெங்கா. தெங்கோ, தெங்கா. போங்கோ, போங்கா. மிச்சம் பாயா (போங்க), ஸேயா (இருங்க). இதோட தே (கொடுங்க), எஸ்தே, ஸேபா சேர்த்தா அன்றாடம் தேவைப்படற விதிவிலக்கு மொத்தம் 5. முடிஞ்சுது.

'பெங்கா'ன்னா வாங்க, 'தெங்கா'ன்னா இந்தாங்க. ஆனா 'போங்கா'ன்னா 'வையுங்க', உஷார். உடனே குமரிக்கண்டத்துலேர்ந்து கப்பல்ல போன சொல்னு யாரும் பதிவு போட்டுடாதீங்க. இது தற்செயல்.

நிஜமான ஒற்றுமை வேற இடத்துல இருக்கு. உஸ்தெத்ங்கறது 'புவெஸ்த்ரா மெர்ஸெத்'ங்கற பழைய மரியாதைச் சொல் தேய்ஞ்சு வந்தது. 'தங்கள் அருள்' மாதிரி வச்சுக்கலாம். அதனாலதான் எதிர்ல நிக்கறவர்கிட்ட பேசினாலும் வினை படர்க்கையில வருது. அதுவும் நேரடி ஏவலா வராம, 'இப்படி ஆகட்டும்'ங்கற விருப்ப வடிவத்துல வருது. நம்ம தமிழ் வாத்தியார் வியங்கோள்னு சொல்லிக்கொடுத்தாரே, வருக, வாழ்கன்னு, கிட்டத்தட்ட அதேதான். 'பீபா மெஹிகோ'ன்னா 'வாழ்க மெக்சிகோ'. இங்கிலீஷ் வழியா போனா இது ஒரு பெரிய பூச்சாண்டி. நமக்கு ஆறாங்கிளாஸ் இலக்கணம்.

ஸ்பெயின்ல போன் எடுத்தா 'தீகா' இல்லைன்னா 'தீகாமே'ம்பாங்க. நாம 'சொல்லுங்க'ன்னு எடுக்கறோமே, அச்சு அசல் அதேதான். மெக்சிகோவுல கூப்பிட்டது காதுல விழலைன்னா 'மாந்தே?'. அப்படின்னா 'கட்டளையிடுங்க'. ரெண்டுமே உஸ்தெத் ஏவல்தான். 'தீகாமே'யில கடைசியில ஒட்டியிருக்கற 'மே'ன்னா 'எனக்கு'. 'சொல்லாதீங்க'ன்னு மாத்தினா அது முன்னாடி ஓடிப்போயிடும்: 'நோ மே தீகா'.

"ஸ்பெயின்ல இப்ப யாருய்யா உஸ்தெத் சொல்றா, கடையிலயே தூதான்"னு அங்கே இருக்கற நண்பர்கள் கேட்பாங்க. நியாயம்தான். ஆனா நீங்க உஸ்தெத் போட்டா என்ன ஆகிடும்? சிரிச்சுட்டு 'துதேயாமே', அதாவது 'என்னை நீன்னே கூப்பிடு'ம்பாங்க. அன்னிலேர்ந்து மாத்திக்கலாம். 'வாங்க'லேர்ந்து 'வா'வுக்கு இறங்கினா அது நட்பு. 'வா'விலேர்ந்து 'வாங்க'வுக்கு ஏறினா அது மன்னிப்பு.

தூவும் எல்லா ஊர்லயும் செல்லுபடியாகாது. அர்ஜென்டினாவுல தூவுக்குப் பதிலா 'போஸ்'. அங்கே 'வா'ங்கறது பென் இல்லை, 'பெனி'. நண்பர்கள் கூட்டத்தை 'வாங்கப்பா'ன்னு கூப்பிட ஸ்பெயின்ல 'பெனித்'. லத்தீன் அமெரிக்காவுல 'பெங்கான்' மட்டும்தான். ஆனா 'பெங்கா' மட்டும் எல்லா ஊர்லயும் பெங்காதான்.

ஒரு எச்சரிக்கை. உஸ்தெத்தை அப்படியே நம்ம 'நீங்க'ன்னும் நினைச்சுடக்கூடாது. பொகோட்டாவுல நெருங்கின நண்பர்களும் குடும்பத்துக்காரங்களும்கூட உஸ்தெத் போட்டுப் பேசுவாங்க. அது விலகல் இல்லை, ஊர் வழக்கம். அதே ஸ்பானிஷ்காரங்க கடவுளைக் கும்பிடும்போது தூன்னுதான் கூப்பிடறாங்க. நாம முருகனை 'நீ'ங்கற மாதிரியே.

அதனால மக்களே, அட்டவணையில தூ வரிசையை இப்போதைக்குக் கையால மறைச்சுக்கோங்க. ரெண்டு மாசம் எல்லாரையும் 'வாங்க போங்க'ன்னே கூப்பிடுங்க. மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல... தீகாமே! :-)