ஒத்திகைக்கு விமரிசனமா?

நாடகக் கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது. அழையாமல் உள்ளே புகுந்த ஒருவர், கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ராஜபார்ட்காரனுக்கு வசனம் தடுமாறுகிறது, இவன் உருப்பட மாட்டான், வேறு ஆளைப் போடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்கிறார். அவரை என்ன செய்வார்கள்? நாடகக்காரர்கள் பொதுவாகச் சாதுக்கள். ஆனாலும் அவர் கழுத்தில் கை வைக்காமல் விடமாட்டார்கள். இதே காரியத்தைக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று செய்தால் மட்டும் அவருக்கு ரசிகர் என்று பெயர். ஆட்டம் தெரிந்தவர் என்று மரியாதை. கூட ஒரு டீயும் கிடைக்கும்.

அந்த டீயைக் குடித்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த ஜாதியைத் திட்டுவதற்கு எனக்குப் பூரண உரிமை உண்டு.

சென்னையிலிருந்து கல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் இடம் புதுவாயல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் லாரிகளும், பொறியியல் கல்லூரிகளின் பேருந்துகளும் ஒன்றையொன்று ஒதுக்கிக்கொண்டு ஓடுகிற ஊர். கூட்டுச்சாலை டீக்கடையில், ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் சந்தித்துக்கொள்வார்கள். வட சென்னையின் கால்பந்துப் பைத்தியம் மின்சார ரயிலேறி இந்த ஊர்வரைக்கும் வந்திருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து இந்திய அணிக்குப் போன தனபால் கணேஷையும், 2023 ஆகஸ்டில் துரந்த் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலைப் போட்டு ஜெயிக்க வைத்த நந்தகுமார் சேகரையும் "நம்ம பையன்" என்று உரிமையோடு சொல்லாதவர் அந்தக் கடையில் கிடையாது. பையன்கள் ஜெயித்த பிறகு சொல்வதுதான் அந்த வார்த்தை. ஜெயிப்பதற்கு முன்னால் அவர்களுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பக்கத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் கால்பந்துக் குழு, போட்டிகள் தொடங்குமுன் தன்னைத்தானே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆடிப் பார்த்தது. பாதிப் பேருக்குச் சிவப்புப் பனியன், பாதிப் பேருக்கு வெள்ளை. யாரும் டிக்கெட் வாங்கவில்லை. யாரையும் யாரும் அழைக்கவுமில்லை. ஆனால் மைதானத்து ஓரத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றோம். சிவப்புக்கு நாலு கோல், வெள்ளைக்கு ஒன்று. இருட்டுவதற்குள் நீதிமன்றம் டீக்கடைக்கு மாறியது.

"இந்த வருஷம் நம்ம ஃபார்வர்டு லைன் பிரமாதம்! நாலு கோல், பாத்தியா?" என்றார் ஒருவர். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த டீ வருவதற்குள் அவரே, "ஆனா பேக்குங்கதான் சுத்த ஓட்டை. நாலு கோல் வாங்கிட்டானுங்களே!" என்று தலையில் கை வைத்தார். எல்லோருக்கும் துக்கம். அதே நாலு கோல்தான் சுவாமி! ஒரு வீட்டுக்குள்ளேயே அண்ணன் தம்பி மடியிலிருந்து நாலு ரூபாயை எடுத்துக்கொண்டால், குடும்பத்துக்கு நாலு ரூபாய் லாபம் என்று ஆனந்தப்பட்டு, நாலு ரூபாய் நஷ்டம் என்று ஒப்பாரியும் வைக்க முடியுமா? முடியும் என்று அன்று கண்டேன். முன்னால் நிற்கிறவன் கெட்டிக்காரனா, பின்னால் நிற்கிறவன் மந்தமா என்பதை, ஒரே குழு தனக்குள் ஆடும் ஆட்டத்தில் பிரித்துச் சொல்வது எளிதல்ல. அந்தக் கடையில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

என் முறை வந்தது. வெள்ளைப் பனியனில் இடது பேக்காக நின்ற ஒரு பையன், ஒல்லி, பத்தொன்பது வயசிருக்கும். இரண்டு முறை பந்து அவன் கால்களுக்கு நடுவே போய்விட்டது. ஒரு முறை அவனே வழுக்கி விழுந்தான். எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு: நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "அவனுக்குக் காலில் கண் இல்லை. தேறமாட்டான்" என்றேன். கடை முழுவதும் சிரித்தது. கடைக்காரர் அன்று என்னிடம் காசு வாங்கவில்லை. மறு வாரம் 'கண்ணில்லாதவன்' என்பது அந்தப் பையனின் பட்டப்பெயராகிக் கல்லூரி விடுதிக்குள்ளேயே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என் கதைகளில் எந்த வாக்கியமும் இவ்வளவு சீக்கிரம் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, ஓரமாக நின்று பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். சிப்காட்டில் ஏதோ இரும்பு ஆலையில் ஒப்பந்தக் கூலி என்பது அவருடைய சட்டையிலிருந்த தீப்பொறி ஓட்டைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

"சார், நீங்க கதை எழுதறவருன்னு கடைக்காரர் சொன்னாரு. அந்த வெள்ளை பனியன் பையன் நம்ம பையன்தான் சார். அவன் ஆடறதைப் பாக்கத்தான் ஷிப்டு மாத்திக்கினு வந்தேன்." சற்று நிறுத்தினார். "நெசமாவே தேறமாட்டானா சார்? தேறமாட்டான்னா இப்பவே சொல்லிடுங்க. பூட்ஸுக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கடன் வாங்கினு இருக்கேன். எங்க காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி உள்ள சேத்து வுட்டுடறேன்."

"இல்லை, இல்லை. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்று உளறினேன்.

"சும்மாவா?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

நகரத்து வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த மைதானத்தில் ஓடுகிறவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்காக ஓடவில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு வேலைகளில் 3 விழுக்காடு. கூலிக்காரர் வீட்டுப் பையனுக்கு அந்தப் பந்து ஒரு கதவு. நாம் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் கதவில் 'உள்ளே போகாதே' என்று சாக்கட்டியால் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறோம்.

சில நாள் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் அந்தக் குழுவின் பயிற்சியாளரைச் சந்தித்தேன். இடது பேக் பற்றி, ஒன்றும் தெரியாதவன்போல் விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டார். "அவன் பேக்கே இல்லை சார். ஃபார்வர்டு. எங்கள் இடது பேக்குக்குக் கணுக்கால் சுளுக்கு. அதோடு, கோல் போடுகிறவனுக்குப் பின்னால் நிற்கிறவன் கஷ்டம் ஒரு நாளாவது தெரியட்டும் என்று நான்தான் அங்கே நிறுத்தினேன். பந்து காலிடுக்கில் போகும் என்று எனக்குத் தெரியும். தப்புச் செய்யத்தானே சார் அந்த ஆட்டம்?"

தப்புச் செய்யத்தான் அந்த ஆட்டம்! பயிற்சியாளர் ஒவ்வொருவனையும் தெரியாத இடத்தில் நிறுத்துகிறார். நோகிற காலோடு ஒருவனை ஓடவிடுகிறார். வலது காலால் மட்டும் உதைக்கிறவனை இடது காலால் உதைக்கச் சொல்கிறார். உள்ளே நடப்பது இது. வெளியே நிற்கிற நமக்குத் தெரிவது யார் விழுந்தான் என்பது மட்டும்.

பீட்டர் தங்கராஜைப் பற்றி இளைய வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்களோ என்னவோ. 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் குழுவுக்கு ஆட வந்தவர். எந்த இடத்தில் ஆடினார் தெரியுமா? சென்டர் ஃபார்வர்டு! பிற்பாடுதான் அவர் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். அந்தக் குழு 1955இலும் 1958இலும் துரந்த் கோப்பையை வென்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று இந்தியா ஆசியத் தங்கம் வாங்கியபோது கோலைக் காத்தவர் அவர்தான். அவர் இடம் மாறி ஆடிப் பழகிய நாட்களில், வெலிங்டன் மைதானத்து ஓரத்தில் என்னைப்போல் வாக்குச் சாதுரியம் உள்ள ஒருவன் நின்று, "உயரம் இருக்கிறது, உபயோகம் இல்லை" என்று ஒரு வாக்கியத்தை வீசியிருந்தால்? அதைக் கேட்டு நாலு பேர் சிரித்திருந்தால்?

இந்த வியாதி புதுவாயலுக்கு மட்டும் சொந்தமல்ல. 2019 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சென்னை கிரிக்கெட் அணி தனக்குள் ஆடிய பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். அமெரிக்காவிலோ இதை ஒரு திருவிழாவாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். கல்லூரிக் குழுக்களின் போட்டிகள் நடப்பது இலையுதிர் காலத்தில். ஆனால் வசந்தத்தில், ஒரே கல்லூரிக் குழு இரண்டாகப் பிரிந்து ஆடிக் காட்டும். 2016 ஏப்ரலில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அத்தகைய ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 1,00,189 பேர். ஒரு லட்சம் நீதிபதிகள்! 2021 ஜூலையிலிருந்து அந்த மாணவர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025இலிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம். போட்டிக் கல்லூரிகள் பார்த்துவிட்டுப் பையன்களை ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அஞ்சி, 2025இல் நெப்ராஸ்காக்காரர்கள் தங்கள் வசந்த ஆட்டத்தையே வழக்கப்படி நடத்தாமல் விட்டார்கள். ஒத்திகையைக் கண்காட்சியாக்கினால் கடைசியில் ஒத்திகைக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

"நீர் என்ன எழுதினாலும் எங்களுக்குக் கண் இருக்கிறது; திறமையைப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்கிறவர்களுக்கும் அந்தத் தேசத்திலிருந்தே பதில் சொல்கிறேன். ஆட்டக்காரர்களை எடை போடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் நிபுணர்கள் அங்கே உண்டு. ஓட விட்டு, குதிக்க விட்டு, கடிகாரம் வைத்து அளப்பார்கள். 2000ஆம் ஆண்டில் அவர்கள் அப்படி அளந்து 198 பேரைத் தேர்ந்தெடுத்த பிறகு, 199ஆவதாக ஒருவரை எடுத்தார்கள். அவர் பெயர் டாம் பிராடி. அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கோப்பையை அவர் 7 முறை வென்றார். சம்பளம் வாங்குகிறவர்களின் கணக்கே இப்படி என்றால், டீக்கடையில் இலவசமாகக் கணிக்கிற நம்முடைய கணக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு நண்பர் என்னை மடக்குவதற்குச் சுனில் சேத்ரியைக் கொண்டுவந்தார். 2018 ஜூனில், பம்பாயில் இந்திய அணி சீனத் தைபேயுடன் ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்தான். மனம் நொந்த சேத்ரி, திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து எங்களைத் திட்டுங்கள் என்று ஜனங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். "அவரே திட்டச் சொன்னாரே ஐயா!" என்றார் நண்பர். சொன்னார், வாஸ்தவம். சொன்னவர் 33 வயசுக்காரர், தேசத்தின் கேப்டன், சம்பளத்துக்கு ஆடுகிறவர். தன் முதுகைத்தான் அவர் காட்டினாரே தவிர, இரும்பு ஆலைக் கூலிக்காரர் மகனின் முதுகை நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவர் அழைத்ததும் போட்டிக்குத்தான், ஒத்திகைக்கு அல்ல.

ரசிகர்களின் பசி எனக்குப் புரியாமல் இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகப் போட்டதுதான், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல். அவ்வளவு காலமாகப் பட்டினி கிடக்கிறவன், அடுப்பில் அரிசி கொதிக்கும்போதே மூடியைத் திறந்து பார்க்கத்தான் செய்வான். பார்க்கட்டும். வேகாத சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சமைக்கிறவளைத் திட்டுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

என் மேஜைக்கடியில் ஒரு கூடை இருக்கிறது. நான் அடித்தும் கிழித்தும் போட்ட காகிதங்கள் அதில் கிடக்கும். யாராவது அதிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போய்க் கூட்டுச்சாலையில் உரக்கப் படித்து, "இவனுக்கு எழுத வராது" என்றால் நான் வழக்குப் போடுவேன். எனக்கு ஒரு கூடை இருக்கிறது. அந்தப் பையனுக்கு இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றுதான்.

பயிற்சியாளர் சொன்னதை அந்தத் தகப்பனாரிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முழுவதும் நம்பினாரா என்பது சந்தேகம். தீர்ப்பை அறுபது பேர் நடுவில் சொல்லிவிட்டு, திருத்தத்தை அவர் காதில் மட்டும் போய்ச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அதனால்தான் இதை அச்சில் சொல்கிறேன்: அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அன்றும் தெரிந்திருக்கவில்லை.

சென்ற வாரம் மறுபடியும் சிவப்பும் வெள்ளையுமாகப் பிரிந்து ஆடினார்கள். நான் மைதானத்துக்குப் போகவில்லை. இருட்டுகிற நேரத்தில் டீ குடிக்கப் போனேன். நீதிமன்றம் நிறைந்திருந்தது. ஒருவர் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க சார், அந்தப் புது கோல்கீப்பர் எப்படி? தேறுவானா?" என்றார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நல்ல வாக்கியம் ஒன்று வந்து நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பிக்கொண்டார். அன்று டீக்குக் காசு கொடுத்தேன்.